கல்யாணத்தில் கை ஏன் நடுங்குகிறது?

மோதிரம் மாட்டும்போது கை நடுங்கினாலோ, உறுதிமொழி சொல்லும்போது நாக்குக் குழறினாலோ "என்ன, விருப்பமில்லாத கல்யாணமா?" என்று பின்வரிசையில் யாராவது ஒருவர் கிசுகிசுத்துவிடுவார். பாவம், நடுங்குகிறவரின் அட்ரினல் சுரப்பிக்கு விருப்பம், விருப்பமின்மை எல்லாம் தெரியாது. நூறு ஜோடிக் கண்கள் நம்மையே பார்க்கின்றன என்பது மட்டும் அதற்குப் போதும்.

உண்மையில் எல்லாருடைய கையும் எந்நேரமும் நடுங்கிக்கொண்டுதான் இருக்கிறது. நொடிக்கு 8 முதல் 12 தடவை, கண்ணுக்குத் தெரியாத அளவில். பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலின் தசைகளில் உள்ள பீட்டா ஏற்பிகளை (அது வந்து ஒட்டிக்கொள்ளும் இடங்களை) தூண்டி அந்த நடுக்கத்தை வெளியே தெரிகிற அளவுக்குப் பெரிதாக்கிவிடுகிறது. (மேடையேறும் இசைக் கலைஞர்கள் சிலர் பீட்டா பிளாக்கர் மாத்திரை போடுவது இதை அடக்கத்தான்.) ஓடவோ, சண்டை போடவோ வேண்டுமென்றால் இந்த நடுக்கம் ஒரு பொருட்டே இல்லை. கல்யாணத்திலோ மோதிரம் மாட்டுவது, முடிச்சுப் போடுவது, கையெழுத்துப் போடுவது என்று எல்லாமே விரல்நுனி வேலை. உடம்பு தயாராகி நிற்பது ஒன்றுக்கு, நாம் அதனிடம் கேட்பது இன்னொன்று.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அதே பதற்றத்தில் விரல்களின் ரத்தக்குழாய்கள் சுருங்கிக் கை ஜில்லிட்டுப் போகும், முகத்திலோ குழாய்கள் விரிந்து சூடேறிச் சிவக்கும். முகத்து நாளங்களில் பீட்டா ஏற்பிகள் இருப்பது அதற்கு ஒரு காரணம் என்கிறார்கள். 1872இல் சார்லஸ் டார்வின், மெய்ப்பாடுகளிலேயே மனிதனுக்கு மிகவும் உரியது இந்த முகச்சிவப்புதான் என்று எழுதினார். நினைத்தவுடன் வரவழைக்கவும் முடியாது, வந்ததை அடக்கவும் முடியாது, அடக்கப் பார்த்தால் இன்னும் அதிகமாகும். நடிக்க முடியாதது என்பதாலேயே பார்க்கிறவர்களுக்கு அதன்மேல் ஒரு நம்பிக்கை வருகிறது.

சிலர் மயங்கியே விழுந்துவிடுவார்கள். முழங்காலை விறைப்பாக வைத்துக்கொண்டு அசையாமல் நின்றால் காலில் தேங்கும் ரத்தத்தை மேலே தள்ள வேண்டிய கெண்டைக்கால் தசை சும்மா இருந்துவிடுகிறது. கூடவே புழுக்கமும் வெறும் வயிறும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் சரிந்து, இதயத் துடிப்பும் மந்தமாகி, மூளைக்குப் போகும் ரத்தம் ஒரு கணம் குறைகிறது, அவ்வளவுதான். படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தால் பெரும்பாலும் எழுந்துவிடுவார்கள். இதற்கும் காதலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அழுகை கொஞ்சம் சுவாரசியமானது. சந்தோஷத்தில் ஏன் அழ வேண்டும்? ஒரியானா அராகோன் என்ற உளவியலாளர் 2015இல் சக ஆய்வாளர்களோடு வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விடை தருகிறது. உணர்ச்சி எல்லைமீறிப் போகும்போது அதற்கு நேரெதிரான வெளிப்பாடு வந்து மனதைச் சமநிலைக்கு இழுக்கிறது என்பது அவர் கருத்து, அப்படி வெளிப்படுத்தியவர்கள் சீக்கிரம் நிதானத்துக்கு வந்ததாகவும் தெரிந்தது. இறுக்கமான நேரத்தில் சம்பந்தமில்லாமல் பொத்துக்கொண்டு வரும் சிரிப்பும் அந்த ரகமாக இருக்கலாம்.

சரி, பாசம் எதில்தான் தெரியும்? உடனே எல்லாரும் சொல்வது கண்ணோரம் சுருங்கும் சிரிப்பு. 1862இல் துஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் முகத்தசைகளில் மின்சாரம் செலுத்திப் பார்த்து, உதட்டை இழுக்கும் தசையை வேண்டும்போது இயக்கலாம், கண்ணைச் சுற்றியுள்ள தசை உண்மையான மகிழ்ச்சிக்குத்தான் அசையும் என்றார். பாதி உண்மை. கண்ணையும் சேர்த்துப் பொய்யாகச் சிரிக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருப்பதைப் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டிவிட்டன. அதனால் புகைப்படத்தை உற்றுப் பார்த்து ஜோசியம் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

கைகளைப் பார்க்கலாம். 2006இல் ஜேம்ஸ் கோவன் என்ற உளவியலாளரும் சகாக்களும் திருமணமான 16 பெண்களை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து, கணுக்காலில் லேசான மின்அதிர்ச்சி வரலாம் என்று எச்சரித்தார்கள். தனியாகக் கிடந்தபோது மூளையின் அபாய மணி பலமாக அடித்தது. முகம் தெரியாத ஒருவர் கையைப் பிடித்தபோது கொஞ்சம் அடங்கியது, கணவர் பிடித்தபோது நன்றாகவே அடங்கியது. அதிலும் உறவு நன்றாக இருக்கிறது என்று சொன்ன பெண்களிடம்தான் அந்த மணி மிக அதிகமாக அடங்கியது. ஆக, நடுங்குகிற கையை இன்னொரு கை சட்டென்று பற்றிக்கொள்வது வெறும் சடங்கல்ல, நரம்பு மண்டலத்தில் பதிகிற விஷயம்.

ஜான் காட்மன் என்ற உளவியலாளர் புதுமணத் தம்பதிகளிடம் கவனித்ததும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. ஒருவர் ஒரு சின்னப் பேச்சாலோ பார்வையாலோ மற்றவரை அழைக்கிறார். மற்றவர் திரும்புகிறாரா இல்லையா? ஆறு வருடம் கழித்துச் சேர்ந்திருந்த தம்பதிகள் அத்தகைய அழைப்புகளில் 86 சதவீதத்துக்குத் திரும்பியிருந்தார்கள், பிரிந்துபோனவர்கள் 33 சதவீதத்துக்கு மட்டும். இது கல்யாண மேடையில் எடுத்த கணக்கு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒருநாள் கூத்தை வைத்து யாருடைய வாழ்க்கையையும் கணிக்க முடியாது.

ஆனாலும் எனக்குக் கவனிக்கப் பிடித்தது அந்தத் திரும்புதலைத்தான். வரி மறந்து திணறுகிறவரை விட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்பவரைப் பாருங்கள். கூட்டத்தைப் பார்த்து அசடு வழிகிறாரா, கடுப்பாகிறாரா, இல்லை இவர் பக்கம் திரும்பி வாயசைத்து அடுத்த வார்த்தையை எடுத்துக்கொடுக்கிறாரா? ஒத்திகை பார்த்து வைத்த எதுவும் அந்த இரண்டு நொடியில் உதவாது.