கால் வீக்கத்துக்கு ஒரு மாத்திரை, அதற்கு இன்னொன்று

ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறவர்கள் பலருக்குக் கணுக்கால் வீங்கும். இதைச் செய்வது அந்த மாத்திரையேதான். அம்லோடிபின் ரத்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சின்னச் சின்னத் தமனிகளைத் தளர்த்துகிறது. அதனால் அழுத்தம் குறைகிறது. ஆனால் ரத்தம் திரும்பிப் போகும் சிரைகளை அந்த அளவுக்குத் தளர்த்துவதில்லை. வருகிற வழி அகலமாகிவிட்டது, போகிற வழி பழையபடியே இருக்கிறது. நடுவில் இருக்கும் நுண்குழாய்களில் அழுத்தம் ஏறி, நீர் கசிந்து, கணுக்காலைச் சுற்றித் தேங்குகிறது.

பர்மாவின் தட்டோன் ஊரில் 78 வயது அப்பத்தா ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கால் வீங்கியதும் இதயமோ, கிட்னியோ என்று வீட்டில் எல்லோரும் பயந்துவிடுகிறார்கள். புது மாத்திரை ஆரம்பித்து எத்தனை வாரம் ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை. நீர் பிரிவதற்கு ஃபுரோசெமைடு வருகிறது. வீக்கம் பெரிதாக வற்றுவதில்லை, ஏனென்றால் உடம்பில் நீர் கூடியதால் வந்த வீக்கம் இல்லை அது. சிறுநீர் மட்டும் அடிக்கடி போகிறது. அதோடு சோடியமும் பொட்டாசியமும் போகின்றன. ரத்தக் குழாய்க்குள் இருக்கவேண்டிய நீர் குறைகிறது.

படுக்கையிலிருந்து எழுந்து நின்றால் யாருக்குமே அரை லிட்டருக்கு மேல் ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கும். கழுத்துத் தமனியில் உள்ள உணரிகள் அதை உடனே கண்டுகொண்டு மூளைக்குச் செய்தி அனுப்ப, இதயம் கொஞ்சம் வேகமாக அடிக்கிறது, குழாய்கள் இறுகுகின்றன, தலைக்கு ரத்தம் குறையாமல் போகிறது. வயதானவர்களுக்கு இந்த ஏற்பாடு மந்தமாகிவிடுகிறது. அதன்மேல் நீர் மாத்திரையும் சேர்ந்தால் எழுந்த 3 நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கலாம். கண் இருட்டும், கால் தள்ளாடும். கரண்ட் போன ராத்திரியில், கொசுவலையை விலக்கி, லுங்கியை இழுத்துச் செருகிக்கொண்டு கழிவறைக்கு அவசரமாக எழும்போதுதான் இது பெரும்பாலும் ஆளைத் தள்ளிவிடுகிறது. விழுந்தால் இடுப்பெலும்பு முறியலாம்.

சரி, அப்பத்தா விழவில்லை, தலை சுற்றுகிறது என்று மட்டும் சொல்கிறார். அதற்கு சின்னரிசின் வருகிறது. இது உடல் அசைவைச் சீராக வைக்கும் டோபமின் என்ற ரசாயனம் மூளையில் வேலை செய்வதைத் தடுக்கும். மாதக்கணக்கில் சாப்பிடும் முதியவர்களில் சிலருக்குக் கை நடுக்கமும் விறைப்பும் வந்து, நடை சுருங்கிவிடும். பார்த்தால் அசல் பார்க்கின்சன் நோய் மாதிரியே இருக்கும். அதற்கு டிரைஹெக்சிஃபெனிடில் கொடுத்தால் வாய் உலர்கிறது, மலம் சிக்குகிறது, மூத்திரம் அடைக்கிறது, புத்தி தடுமாறுகிறது. கடைசியில் "வயசாயிடுச்சு, மறதி வந்துடுச்சு" என்று முடித்துவிடுகிறார்கள். முதல் மாத்திரையின் அளவைப் பாதியாக்கியிருந்தால் இதில் எதுவுமே வராமல் போயிருக்கலாம். எனக்கு இதில் ஆறவே ஆறாத வருத்தம் உண்டு: நம் வீட்டுப் பெரியவர்களிடம் நாம் வயதின் தலையில் கட்டும் பல கோளாறுகள், திருப்பிச் சரிசெய்யக் கூடியவை.

முதியோர் மருத்துவம் என்ற தனிப்பிரிவு ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. அந்தப் பிரிவுக்கு 1909இல் பெயர் வைத்தவர் நியூயார்க்கில் இருந்த இக்னாட்ஸ் நாஷர். ஆனால் அதை நடத்திக் காட்டியவர் மார்ஜரி வாரன் என்ற ஆங்கிலேய மருத்துவர். 1935இல் லண்டனை ஒட்டிய வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையில், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று படுக்கையில் விட்டுவைத்திருந்த நூற்றுக்கணக்கான நோயாளிகள் அவர் பொறுப்பில் வந்தார்கள். ஒவ்வொருவரையும் முதலிலிருந்து பரிசோதித்தார், எழுப்பி உட்காரவைத்தார், நடக்கவைத்தார். பலர் வீடு திரும்பினார்கள். ரங்கூனில் நின்சிகோன் முதியோர் இல்லம் 1933இலேயே தொடங்கிவிட்டது. ஆதரவற்ற முதியவர்களைத் தாங்கும் மனம் இந்த நாட்டுக்கு எப்போதும் உண்டு. தாங்குவதோடு, என்ன கோளாறு என்று விடாமல் தேடுவதும் வேண்டும் என்பதுதான் வாரன் காட்டிய வழி.

உடம்புக்குள் என்ன மாறுகிறது? நாற்பது வயதுக்குப் பிறகு சிறுநீரகம் நிமிடத்துக்கு வடிகட்டும் அளவு ஆண்டுக்குச் சுமார் 1 மில்லி லிட்டர் வீதம் பலருக்குக் குறைகிறது. இதைக் கண்டுபிடிக்க நாம் பார்ப்பது ரத்தத்தில் உள்ள கிரியாட்டினின். அது தசையிலிருந்து வரும், சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு. ஒல்லியான பாட்டிக்குத் தசையே குறைவு என்பதால் சிறுநீரகம் பாதி வேலைதான் செய்தாலும் ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று வந்துவிடும். வயதையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் உண்மை தெரியும்.

கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மாத்திரை இங்கேதான் ஆபத்தாகிறது. விலை மலிவு என்பதால் பலரும் சாப்பிடுகிறார்கள். உடம்பில் சிதைந்த பிறகும் அதன் துணுக்குகள் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும், அவற்றை வெளியேற்ற வேண்டியது சிறுநீரகம். அது தளர்ந்தால் சர்க்கரை இறங்கி, மணிக்கணக்கில் அப்படியே கிடக்கும். இளைஞருக்கு என்றால் வியர்த்து, படபடத்து, பசித்து எச்சரிக்கை வரும். முதியவருக்குப் பேச்சு குழறலாம், தூங்கிக்கொண்டே இருக்கலாம், அவ்வளவுதான். அதனால் தளர்ந்துபோன முதியவர்களுக்கு ஹெச்பிஏ1சி (கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 7க்குக் கீழே இருக்கவேண்டும் என்று முதியோர் மருத்துவர் பிடிவாதம் பிடிப்பதில்லை. 8 வரை போனாலும் பரவாயில்லை என்பார்.

உடம்பில் நீர் குறைந்து கொழுப்பின் பங்கு கூடுவது இன்னொரு மாற்றம். டயாசிபாம் என்ற தூக்க மாத்திரை கொழுப்பில் போய் ஒளிந்துகொள்ளும். 20 வயதுக்காரர் உடம்பில் அது பாதியாகக் குறையச் சுமார் 20 மணி நேரம் ஆனால், 80 வயதுக்காரருக்கு 80 மணி நேரத்துக்கு மேல்கூட ஆகும். தினம் ஒன்று போட்டால், அசல் அடையுமுன் வட்டி ஏறுகிற கடன் மாதிரி, நேற்றையதன் மேல் இன்றையது சேர்ந்துகொண்டே போகும். சளிக்கு வாங்கும் குளோர்ஃபெனிரமின் மாத்திரைகூடச் சில பெரியவர்களை ஒரே ராத்திரியில் குழப்பிவிடும். இப்படி முதியவர்களுக்குத் தவிர்க்கவேண்டிய மருந்துகளை அமெரிக்க மருத்துவர் மார்க் பியர்ஸ் 1991இல் பட்டியலாக்கினார். அது இன்றும் புதுப்பிக்கப்பட்டு வருகிறது.

முதியோர் மருத்துவர் பரிசோதிக்கும் விதத்தைப் பார்த்தால் பெரிய இயந்திரம் எதுவும் தேவைப்படாது. முதலில் வீட்டில் உள்ள எல்லா மருந்தையும் ஒரு பையில் கொண்டுவரச் சொல்வார். மேசையில் கொட்டினால் அழுத்த மாத்திரை, சென்னையிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த சர்க்கரை மாத்திரை, அதே மருந்து வேறு பெயரில் இன்னொரு அட்டை, தைலம், லேகியம் என்று எல்லாம் வரும். படுக்கவைத்து ஒரு தடவை, நிற்கவைத்து ஒரு தடவை பிரஷர் பார்ப்பார். நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லி நேரம் பார்ப்பார். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் உண்டு. குளிப்பது, உடுத்துவது, கழிவறைக்குப் போவது யார் துணையோடு, சமையல் யார், ராத்திரி எத்தனை முறை எழுகிறார் என்று கேட்பார். ஙப்பி என்ற உப்பிட்டுப் புளிக்கவைத்த மீன் விழுது இல்லாமல் சோறு இறங்காத வீடு என்றால் அதிலுள்ள உப்பையும் கணக்கில் எடுப்பார். அதைக் கொஞ்சம் குறைத்தால் இரண்டாவது அழுத்த மாத்திரை வேண்டாமல் போகலாம்.

இங்கே ஒரு தொல்லை உண்டு. டாக்டர் பர்மியத்தில் கேட்பார், அப்பத்தா தமிழில் சொல்வார், நடுவில் பேரப்பிள்ளை அவசரமாக மாற்றிச் சொல்வான். தலைசுற்றல் படுத்துப் புரளும்போது வருகிறதா, எழும்போது வருகிறதா, மாத்திரை போட்ட எத்தனை மணி நேரத்தில் வருகிறது என்பதை முன்னாடியே கேட்டு எழுதிக்கொண்டு போனால் பாதி வைத்தியம் அதிலேயே முடிந்துவிடும்.

மாத்திரையைக் குறைப்பது டாக்டரின் வேலை, நாமாகச் செய்யக் கூடாது. ஒவ்வொன்றாக, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி விட்டு நிறுத்துவார். சின்னரிசினால் வந்த நடுக்கம் அடங்க மாதங்கள் ஆகலாம். டயாசிபாமைத் திடீரென்று விட்டால் வலிப்புகூட வரும். இதயத் துடிப்பைக் குறைக்கும் அட்டெனலால் போன்றவற்றையும் அப்படி விடக் கூடாது. மூட்டுவலிக்குக் கடையில் நாலைந்து மாத்திரையைக் கலந்து கட்டித் தரும் பொட்டலம்தான் எல்லாவற்றையும்விடக் கவலைக்குரியது. பல பொட்டலங்களில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு இருக்கும். வலி மாயமாகப் போகும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். வாரக்கணக்கில் தொடர்ந்தால் சிறுநீரகத்துக்கு மேலே உள்ள அட்ரினல் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடலாம். அப்புறம் ஒரு நாள் பொட்டலத்தை விட்டால் வாந்தி, மயக்கம், உயிருக்கே ஆபத்து. உங்கள் வீட்டுப் பெரியவர் அதை வழக்கமாகச் சாப்பிடுகிறார் என்றால், மீதியைத் தூக்கி எறியாமல் ஒரு பொட்டலத்தைப் பிரிக்காமல் அப்படியே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.