அக்கவுண்டபிலிட்டி: தமிழில் என்ன சொல்லலாம்?

கல்விக் கொள்கை பற்றிய பேச்சில் அடிக்கடி வரும் சொல் ‘அக்கவுண்டபிலிட்டி’. பிள்ளைகள் என்ன கற்றார்கள் என்று பள்ளி பதில் சொல்லியாக வேண்டிய நிலையைக் குறிக்கிறது. எண்ணுதல், கணக்கிடுதல் என்று பொருள்படும் ‘கொம்புத்தாரே’ என்ற லத்தீன் வினைதான் பழைய பிரெஞ்சு வழியாக ‘அக்கவுண்ட்’ ஆனது. ‘கம்ப்யூட்டர்’ பிறந்ததும் அதே வேரில்தான்.

பள்ளிகளிலும் இது எண்ணிக்கையாகவே நுழைந்தது. இங்கிலாந்தில் 1862-இல் வந்த விதிப்படி, ஒரு பிள்ளை வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் ஒன்றில் தவறினால் பள்ளி மானியத்தில் 2 ஷில்லிங் 8 பென்ஸ் போய்விடும். உண்மையில் வாசிக்கத் தெரியாத பிள்ளையைக்கூட இந்தத் தேர்வில் தேற்றிவிட முடிகிறது என்று, பள்ளி ஆய்வாளராக இருந்த கவிஞர் மேத்யூ ஆர்னால்டு அப்போதே எச்சரித்தார்.

அமெரிக்காவில் 2002-இல் கையெழுத்தான ‘நோ சைல்டு லெஃப்ட் பிஹைண்ட்’ சட்டம் 3 முதல் 8-ஆம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணிதத்திலும் தேர்வு வைத்தது. கறுப்பின, ஏழை, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் தேர்ச்சியைத் தனித்தனியே காட்டச் சொன்னது பெரிய நன்மை. சராசரிக்குள் அவர்களை மறைக்க முடியவில்லை. நான்காம் வகுப்புக் கணிதம் மேம்பட்டதாக ஆய்வுகள் காட்டின. வாசிப்பில் அந்த அளவு பலன் இல்லை.

ஆனால் வகுப்பறைக்குள் நடந்ததைப் பாருங்கள். தேர்ச்சிக் கோட்டுக்கு இரண்டு மதிப்பெண் கீழே நிற்கும் பிள்ளைக்குத் தனிப் பயிற்சி. இருபது மதிப்பெண் கீழே இருக்கும் பிள்ளை எப்படியும் தேறாது என்று விடப்பட்டது. கோட்டை ஒட்டி நிற்பவர்களுக்கு ‘பபிள் கிட்ஸ்’ என்று பெயரே வந்துவிட்டது. பல பள்ளிகளில் ஓவியம், இசை, சமூக அறிவியல் பாடவேளைகள் சுருங்கின. அப்புறம் பிள்ளைக்குப் பள்ளியில் ஈடுபாடு எங்கிருந்து வரும்? 2015-இல் வந்த மாற்றுச் சட்டம் மதிப்பெண் தவிர இன்னோர் அளவுகோலும் வேண்டும் என்றது. பல மாநிலங்கள் அடிக்கடி வராத மாணவர்களின் விகிதத்தை எடுத்துக்கொண்டன. மறுபடியும் எண்ணிக்கைதான்!

சரி, தமிழில் என்ன? ‘பொறுப்பு’ என்றால் ‘ரெஸ்பான்சிபிலிட்டி’யோடு குழம்பும். ‘பொறுப்புடைமை’யிலும் பதில் சொல்லும் கடமை வெளிப்படவில்லை. இலங்கைத் தமிழில் நன்றாக ஊன்றிவிட்ட ‘பொறுப்புக்கூறல்’தான் எனக்குச் சரியாகப் படுகிறது. ‘பொறு’ என்றால் தாங்கு, சும. ‘கூறல்’ என்றதும் யார், யாரிடம் என்ற கேள்வி கூடவே வரும். அதனால் இப்படியும் எழுதலாம்: “பள்ளி பெற்றோரிடம் பொறுப்புக்கூற வேண்டும், ஆசிரியரை நியமிக்காத அரசு பள்ளியிடம் பொறுப்புக்கூற வேண்டும்.”