ரிவேர்ஸில் ஐந்து கியர்

திருகோணமலையின் குறுகிய ஒழுங்கை ஒன்றில் ஓட்டோவுக்கு எதிரே லொறி வந்து நின்றால், பின்வாங்க வேண்டியது ஓட்டோதான். முன்னே போக நான்கு கியர் உண்டு, பின்னே வர ஒன்றுதான். கழுத்தைத் திருப்பி, மதிலில் உரசாமல், ஆமைபோல ஊர்ந்து வரவேண்டும். பரவாயில்லை, லொறிக்காரர் ஹோர்ன் அடிப்பாரே தவிரச் சுடமாட்டார்.

வேவு பார்க்கும் கவச வண்டிக்கு அந்தச் சலுகை இல்லை. படைக்கு முன்னே போய், எதிரி எங்கே என்று கண்டு, வானொலியில் சொல்லிவிட்டு உயிரோடு மீள்வதே அதன் வேலை. திடீரென்று மாட்டிக்கொண்டால் வண்டியைத் திருப்ப நேரமிராது. திருப்பினாலோ அகலமான பக்கவாட்டைச் சூட்டுக்குக் காட்டியதாகிவிடும். வந்த வழியே, வந்த வேகத்தில் பின்னுக்கு ஓடவேண்டும்.

எங்கள் ஊரில் ஆமியின் கவச வண்டி எதுவானாலும் பொதுவாக ‘டாங்கி’தான். ஆனால் இலங்கை இராணுவம் வைத்திருந்த பிரிட்டிஷ் ஃபெரட் டாங்கியே அல்ல. நான்கு சக்கரம், இரண்டு பேர், சுமார் நான்கு தொன் எடை. கவசம் அதிகம் தடித்த இடத்திலும் 16 மில்லிமீற்றர்தான். துப்பாக்கிக் குண்டையும் சிதறலையும் தாங்கும், பீரங்கியைத் தாங்காது. 1952இல் உற்பத்திக்கு வந்த அதன் சூட்சுமம் கியர்ப்பெட்டியில் இருக்கிறது. முன்னா பின்னா என்ற திசையைத் தனியொரு நெம்புகோல் தீர்மானிக்கிறது. கியர்ப்பெட்டி பாட்டுக்கு ஐந்து கியரையும் தரும். ஆகவே பின்னுக்கும் ஐந்து! அடுத்த கியரை முன்கூட்டியே தெரிவு செய்துவைத்து, வேண்டிய கணத்தில் மிதியை அழுத்தினால் அது விழும். பதற்றத்தில் கியர் தேடும் கைக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று ஓட்டுபவர்களுக்குத் தெரியும்.

சரி, வேகம் கிடைத்துவிட்டது. பின்னால் யார் பார்ப்பது? ஃபெரட்டுக்கு முன்னோடியான டிங்கோவில், தோளுக்கு மேலால் பின்னே பார்க்க வசதியாகச் சாரதியின் ஆசனத்தைச் சற்றுக் கோணலாகப் பொருத்தியிருந்தார்கள். ஃபெரட்டில் சாரதியைத் தவிர இருக்கும் மற்றவர், மேலே நிற்கும் வண்டித் தளபதிதான் கண். பஸ் நிலையத்தில் பஸ்ஸைப் பின்னுக்கு எடுக்கும்போது கொண்டக்டர் தகரத்தில் தட்டி “வரட்டும், வரட்டும்” என்பாரே, அந்த வேலை. போதாததற்கு வரைபடம், வானொலி, இயந்திரத் துப்பாக்கி எல்லாமே அவர் தலையில். இரண்டு பேர் வண்டியின் பலவீனம் இதுதான் என்பேன். அதே இராணுவத்திடம் இருந்த ஆறு சக்கர சலாடினில் மூவர் இருந்தும், பீரங்கிக்குக் குண்டு போடுவது தளபதியின் கையில்தான் விழுந்தது.

ஜேர்மனியர் வேறு கணக்குப் போட்டார்கள். 1975இல் சேவைக்கு வந்த அவர்களுடைய லுக்ஸில் எட்டுச் சக்கரங்கள், நான்கு பேர். நான்காமவர் வானொலிக்காரர், முதுகை முன்பக்கம் காட்டி, தனக்கென ஒரு ஸ்டியரிங்கோடு பின்னே பார்த்து உட்கார்ந்திருப்பார். இரு திசையிலும் மணிக்கு 90 கிலோமீற்றர். ஆபத்து வந்தால் முன்சாரதி கையை எடுக்க, இவர் பிடித்துக்கொள்வார். இவருக்கு அது ரிவேர்ஸே அல்ல, நேரே ஓட்டுவதுதான்.