டர்ட்டில்: திரையில் ஊரும் ஆமை

பைத்தான் என்னும் கணினி நிரல்மொழியைப் படிக்கத் தொடங்கும் பிள்ளைகளைத் திரையில் சதுரம், வட்டம் போட வைக்க எளிய வழி, அதோடு வரும் ‘டர்ட்டில்’ என்ற வரைகருவி. தமிழில் எழுதுகிறவர்களும் பெரும்பாலும் டர்ட்டில் என்றே எழுதிவிட்டுப் போகிறார்கள். ஆமை என்று எழுத என்ன தயக்கம்? ஆமை புகுந்த வீடு பயமாக இருக்கலாம்.

ஆங்கிலத்தில் டர்ட்டில் முதலில் ஆமையே இல்லை, புறா. லத்தீனில் ‘டுர்டுர்’ என்றால் காட்டுப்புறா. பிற்பாடு ஆங்கிலேய மாலுமிகள் ஆமைக்கான பிரெஞ்சுச் சொல்லைத் தங்கள் வாய்க்குப் பழகிய புறாவின் பெயராகத் திரித்துவிட்டார்கள்.

கணினிக்குள் ஆமை வந்த வழி வேறு. 1940களின் கடைசியில், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் மூளை ஆய்வாளர் கிரே வால்டர், வெளிச்சத்தைத் தேடி நகரும் இரண்டு சிறு இயந்திரங்களைச் செய்தார். மேலே ஓடு மூடி மெதுவாக ஊர்ந்ததால் அவற்றுக்கு ஆமை என்று பெயர். 1967இல் அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபோய்ர்சைக் ஆகியோர் குழந்தைகளுக்காக ‘லோகோ’ மொழியை உருவாக்கினார்கள். அதில் ஆமை சற்றுப் பிந்தித்தான் சேர்ந்தது. தரையில் விரித்த தாளின் மேல் பேனாவோடு ஊரும் ரோபோ அது. அப்புறம் திரைக்குள் குடியேறியது.

சதுரத்துக்கு ஃபார்வர்ட்(100), ரைட்(90) என்று நான்கு முறை எழுதினால் போதும். நூறு புள்ளி முன்னே போ, 90 பாகை வலப்பக்கம் திரும்பு, அவ்வளவுதான். சறுக்குவது முக்கோணத்தில். சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 பாகை என்று மனப்பாடமாகத் தெரியும், அதையே கொடுப்போம். மூன்று கோடும் போட்டு முடித்த பிறகு பார்த்தால் பாதி அறுங்கோணம் நிற்கும்! ஆமை திரும்புவது வெளிக்கோணத்தில். ஒரு சுற்று சுற்றிப் பழைய திசைக்கே வர மொத்தம் 360 பாகை திரும்பியாக வேண்டும். மூன்றால் வகுத்தால் 120. நம்பாத பிள்ளையை எழுப்பி, தரையில் அப்படியே நடந்து பார்க்கச் சொல்லுங்கள். தானே ஆமையாக நடந்துவிட்டால் புரிந்துவிடும்.

நிறம் நிரப்ப ஃபில்கலர்("ரெட்"), பிகின்_ஃபில்() என்று தொடங்கி, வரைந்தபின் எண்ட்_ஃபில்() கொடுக்க வேண்டும். கடைசியதை மறந்தால் கோடு மட்டும்தான் மிஞ்சும்.

இப்படி வரைவதற்கு ‘ஆமை வரைகலை’ என்ற பெயர் நன்றாகவே பொருந்துகிறது. கடலாமையா, நிலத்தாமையா என்ற கேள்வி ஆங்கிலத்துக்குத்தான். நமக்கு இரண்டும் ஆமை. முட்டையிட வரும் பங்குனி ஆமை, விடிவதற்குள் சென்னைக் கடற்கரை மணலில் விட்டுப்போகும் தடத்தைப் பார்த்தவர்களுக்குத் திரையில் விழும் கோடு என்னவென்று விளக்கவே வேண்டாம். டர்ட்டில் என்று எழுதினால் அந்தத் தடம் சொல்லில் இருக்காது.

ஒன்று, பைத்தானில் திறந்தவுடன் ஆமையைத் தேடாதீர்கள். வலப்பக்கம் பார்த்த ஒரு அம்புமுனைதான் இருக்கும். ஷேப்("டர்ட்டில்") என்று கேட்டால்தான் மேலோடும், நாலு காலும் தெரியும்.