டேட்டா பைண்டிங்: தரவுப் பிணைப்பு

பைண்டிங் என்றதும் நம்மில் பலருக்குப் பசையும் அட்டையும்தான் நினைவுக்கு வரும். மென்பொருள் எழுதுகிறவர்கள் சொல்லும் டேட்டா பைண்டிங் வேறு. அலுவலகக் கணினியில் ஓடும் ஒரு செயலியில் பட்டை விளக்கப்படம் ஒன்று இருக்கிறது, அது காட்ட வேண்டிய விற்பனைக் கணக்கோ சேல்ஸ்ஃபோர்ஸ் போன்ற மேகச் சேவை ஒன்றில், அதாவது இணையம் வழியே எட்டும் வேறு கணினிகளில் இருக்கிறது என்று வையுங்கள். இந்தப் பட்டையின் பெயர் அட்டவணையின் அந்தக் கட்டத்திலிருந்து (ஃபீல்டு) வரும், உயரம் இந்தத் தொகையிலிருந்து வரும் என்று ஒருமுறை சொல்லிவைத்துவிட்டால், யாரும் எண்களைக் கையால் எடுத்துக் கொண்டுவந்து ஒவ்வொரு பட்டையாக நிரப்ப வேண்டியதில்லை. அப்படிச் சொல்லிவைப்பதுதான் டேட்டா பைண்டிங். தமிழில் தரவுப் பிணைப்பு.

டேட்டா லத்தீன் சொல். கொடு என்று பொருள்படும் வினையிலிருந்து வந்தது, ஒருமையில் டேட்டம், அதாவது கொடுக்கப்பட்டது. தரவும் அப்படியே, தரு என்ற வினையிலிருந்து வந்தது. யாப்பிலக்கணம் படித்தவர்களுக்கு இது புதிய சொல்லே அல்ல, கலிப்பாவின் முதல் உறுப்புக்குத் தரவு என்றுதான் பெயர், அதற்குப் பிறகுதான் தாழிசை வரும். கணினித் தமிழில் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்திய சொற்கள் குறைவு என்பேன்.

பைண்ட் என்பதற்குக் கட்டு என்று பொருள். பழைய இந்தோ-ஐரோப்பிய வேர் ஒன்றிலிருந்து ஆங்கிலத்துக்கு ஒரு கிளை போயிருக்கிறது, சமஸ்கிருதத்துக்கு ஒரு கிளை, பாரசீகத்துக்கு ஒரு கிளை. பந்தம், சம்பந்தம், நிபந்தனை, ஏன், போலீஸ் போடும் பந்தோபஸ்துகூட அந்த வகையில் பைண்டிங்குக்குத் தூரத்து உறவுதான்.

இந்தச் சொல் விளக்கப்படம் வரை வந்து சேர்ந்த வழி கொஞ்சம் நீளம். தருக்கவியலில் கட்டுண்ட மாறி (பவுண்ட் வேரியபிள்) என்ற கருத்து முன்பே இருந்தது, நிரலாக்கத்தில் ஒரு பெயரை ஒரு மதிப்போடு சேர்ப்பதையும் பைண்டிங் என்றார்கள். திரையில் தெரிவதைத் தரவோடு கட்டுவது என்ற பொருள் பரவலானது விண்டோஸ் காலத்தில். 1987-இல் விண்டோஸ் 2.0-உடன் டிடிஇ (டைனமிக் டேட்டா எக்ஸ்சேஞ்ச்) என்ற ஏற்பாடு வந்தது, ஒரு செயலி இன்னொன்றிடம் தரவு கேட்டு வாங்கலாம். அதில் மூன்று வகைத் தொடுப்பு இருந்தது: ஒருமுறை கேட்டு வாங்கிக்கொண்டால் குளிர்ந்த தொடுப்பு, மதிப்பு மாறிவிட்டது என்று சேதி மட்டும் வந்து, வேண்டுமானால் நாமே போய்க் கேட்டுக்கொள்வது வெதுவெதுப்பான தொடுப்பு, மாறிய மதிப்பே தானாக வந்து சேர்ந்தால் சூடான தொடுப்பு. பெயர்கள் வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் இன்று மேகச் சேவைகளோடு மல்லுக்கட்டுகிறவர்களும் இதே மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். 1993-இல் மைக்ரோசாஃப்டின் நிரலாக்கக் கருவியான விஷுவல் பேசிக் 3 தரவோடு கட்டிய உரைப்பெட்டிகளைக் கொண்டுவந்தது, அதன் பிறகு அதே நிறுவனத்தின் டாட்நெட் என்ற மென்பொருள் தளத்தில் சொல் நிலைத்துவிட்டது.

சரி, தமிழில் ஏன் பிணைப்பு, இணைப்பு என்றே சொல்லிவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. இணைப்பு என்ற சொல் ஏற்கெனவே வேறு வேலைக்குப் போய்விட்டது. தரவுத்தளங்களோடு பேசுவதற்கான ஓடிபிசி என்ற பொது முறை வழியாகவோ வேறு இயக்கி (டிரைவர்) வழியாகவோ மேகச் சேவையின் கதவைத் தட்டி, அடையாளம் காட்டி, உள்ளே நுழைகிறோமே, அது கனெக்‌ஷன், அதுதான் இணைப்பு. உள்ளே போய் எடுத்த தரவின் எந்தக் கட்டம் படத்தின் எந்த அச்சுக்கு என்று கட்டுவது பிணைப்பு. இணைப்பு இருந்தும் பிணைப்பு தப்பாக இருந்தால் படம் சரியாக வராது, பிணைப்பு சரியாக இருந்தும் இணைப்பு அறுந்தால் பிழைச்செய்திதான் வரும், இரண்டையும் ஒரே சொல்லால் சொன்னால் எங்கே கோளாறு என்று ஒருவருக்கொருவர் புரியவைக்க முடியாது. வேதிப்பிணைப்பு என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம், சொல்லும் அந்நியமாக இல்லை. தரவுக்கட்டு என்றும் யோசிக்கலாம், ஆனால் அது சீட்டுக்கட்டு மாதிரி தரவின் குவியலைச் சொல்வதுபோல் ஒலிக்கிறது.

இதோடு ஒட்டிக்கொண்டு வரும் லைவ் டேட்டா என்பதில்தான் எனக்குச் சண்டை. நேரலைத் தரவு என்று எழுதுகிறார்கள். நேரலை என்றால் கிரிக்கெட் ஒளிபரப்பு மாதிரி நடக்கும்போதே தெரிய வேண்டும். டாட்நெட்டில் திரைகளை அமைக்க உதவும் விண்டோஸ் ஃபார்ம்ஸின் விளக்கப்படத்தை எடுத்துக்கொண்டால், அதன் டேட்டாசோர்ஸ் என்ற இடத்தில் அட்டவணையைக் கொடுத்து, எக்ஸ் அச்சுக்கும் ஒய் அச்சுக்கும் கட்டத்தின் பெயர்களைச் சொல்லி, டேட்டாபைண்ட் என்று அழைப்போம். அந்த அட்டவணை பெரும்பாலும் கணினியின் நினைவகத்தில் இருக்கும் நகல். மேகத்தில் யாரோ ஓர் ஒப்பந்தத் தொகையை மாற்றினால் நம் பட்டை அசையாது, மறுபடி வினவி மறுபடி பிணைக்க வேண்டும். அதே வேலைக்கான இன்னொரு டாட்நெட் கருவியான டபிள்யூபிஎஃப்-இல் நகல் மாறினால் படமும் தானாக மாறும்படி செய்யலாம், ஒருமுறை, ஒருவழி, இருவழி என்று பிணைப்பின் வகையையும் சொல்லலாம். விளக்கப்படத்துக்கு ஒருவழியே தாராளம். ஆனால் அங்கேயும் நகலை யாராவது புதுப்பித்தாக வேண்டுமே.

அப்படியானால் ஐந்து நொடிக்கு ஒருமுறை வினவிக்கொண்டே இருந்தால் போயிற்று என்று தோன்றும். ஒரு வினவலுக்குச் சேவையிடம் ஓர் அழைப்பு (ஏபிஐ கால்) என்று வைத்தால் ஒரு திரைக்கு ஒரு நாளில் 17,280 அழைப்பு, பத்துத் திரை என்றால் 1,72,800. சேல்ஸ்ஃபோர்ஸின் என்டர்பிரைஸ் பதிப்புக்கு 24 மணி நேரத்துக்கான அடிப்படை வரம்பு 1,00,000 அழைப்பு, பயனர் உரிமம் கூடக்கூட வரம்பும் கூடும், என்றாலும் விளக்கப்படம் மட்டுமே இப்படி விழுங்கினால் மற்ற வேலைகள் நின்றுபோகும். அதனால் அனுபவமுள்ளவர்கள் இடைவெளியைப் பல நிமிடங்களாக வைப்பார்கள், கூட்டுத்தொகையை மேகத்திலேயே போடச்சொல்லி நாலைந்து வரிசையை மட்டும் வாங்குவார்கள், அல்லது மாற்றம் நடந்தால் சேவையே சேதி அனுப்பும் வசதியைப் பயன்படுத்துவார்கள். அந்தக் கடைசி வழிதான் வெதுவெதுப்பு, சூடு எல்லாம். இதில் எதைச் செய்தாலும் கொஞ்சம் தாமதம் இருக்கத்தான் செய்யும், அதனால் நடப்புத் தரவு என்று சொன்னால் போதும் என்பது என் கட்சி. உண்மையிலேயே உடனுக்குடன் வருவதற்கு நிகழ்நேரத் தரவு என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது.

மற்றவை சுருக்கமாக. கிளவுட் கம்ப்யூட்டிங் இங்கே மேகக் கணிமை, இலங்கையில் முகிற் கணிமை, எது வந்தாலும் புரியும். சார்ட் என்பதற்கு வரைபடம் என்று போடாமல் விளக்கப்படம் என்று போடுவது நல்லது, வரைபடம் என்றால் நாடும் நதியும் நினைவுக்கு வந்துவிடும். வினையாக எழுதும்போது, படத்தைத் தரவோடு பிணை, பிணைத்த கட்டம், பிணையாத கட்டம் என்று தயங்காமல் எழுதலாம். அன்பைண்ட் என்பதற்குப் பிணைநீக்கம் என்று சிலர் போடுவார்கள், ஆனால் பிணை என்றாலே ஜாமீன் என்று படிக்கிற கண்களுக்கு அது நீதிமன்றச் செய்தியாகிவிடும். பிணைப்பை அவிழ் என்பதே தெளிவு.