அதே வேலையின்மை, வேறு தீர்ப்பு

1984 அக்டோபரில் அமெரிக்காவின் வேலையின்மை விகிதம் 7.4 சதவீதம். அடுத்த மாதம் நடந்த அதிபர் தேர்தலில் ரொனால்ட் ரீகன் 50 மாநிலங்களில் 49-ஐ அள்ளிக்கொண்டு போனார். 1992 அக்டோபரில் அதே விகிதம் 7.3. ஆனால் பதவியிலிருந்த மூத்த ஜார்ஜ் புஷ், பில் கிளிண்டனிடம் தோற்றார். எண்ணில் பெரிய வித்தியாசம் இல்லை, தீர்ப்போ தலைகீழ்.

அந்த எண் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று பார்த்தால் புதிர் அவிழ்ந்துவிடும். 1982 இறுதியில் 10.8 வரை ஏறியிருந்த வேலையின்மை, ரீகன் மறுபடி ஓட்டுக் கேட்டபோது இறங்கியிருந்தது. புஷ் பதவியேற்ற 1989-இல் ஐந்தரையை ஒட்டி இருந்தது, 1992 ஜூனில் 7.8-ஐத் தொட்டது. புஷ்ஷுக்கு நேரமும் சரியில்லை. பொருளாதார மந்தம் 1991 மார்ச்சிலேயே முடிந்துவிட்டது என்று அதற்கான நிபுணர் குழு அறிவித்ததே 1992 டிசம்பரில், தேர்தல் முடிந்த பிறகு. முன்கூட்டி அறிவித்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் நடந்திருக்காது என்பது என் எண்ணம். வேலை திரும்பக் கிடைக்காதவரிடம் மந்தம் முடிந்துவிட்டது என்றால் யார் நம்புவார்?

ஆனால் வேலையிழந்தவர்கள் மட்டுமே ஆட்சியைக் கவிழ்ப்பதில்லை. டொனால்ட் கிண்டர், ரோட்ரிக் கீவீட் ஆகிய இரு ஆய்வாளர்கள் 1980-களின் தொடக்கத்தில் காட்டியது இது: சொந்தப் பணக்கஷ்டத்தைவிட, நாட்டின் பொருளாதாரம் எப்படிப் போகிறது என்ற கணிப்புதான் ஓட்டை அதிகம் அசைக்கிறது. தனக்குச் சம்பளம் ஒழுங்காக வந்தாலும் "நாடு சரியில்லை" என்று நினைப்பவர் ஆளுங்கட்சிக்கு எதிராகச் சாய்வார்.

நினைவு வேறு சதி செய்கிறது. நான்கு ஆண்டுகளையும் எடைபோட வேண்டும் என்றுதான் வாக்காளர்கள் சொல்வார்கள். ஆனால் பெரும்பாலும் கடைசி ஆண்டை வைத்தே முடிவெடுக்கிறார்கள்.

விலைவாசி விஷயத்தில் மட்டும் இந்த மறதி கைகொடுப்பதில்லை. அமெரிக்காவில் பணவீக்கம் 2022 ஜூனில் 9.1 சதவீதம் என்ற உச்சத்தில் இருந்தது. அந்த மாதம்தான் பெட்ரோலின் சராசரி விலை முதல்முறையாக கேலனுக்கு 5 டாலரைத் தாண்டியது. சாலையோரம் பெரிய எழுத்தில் விலையை எழுதிவைத்து விற்கும் பொருள் அது, காரில் போகிற எல்லோர் கண்ணிலும் படும். அடுத்த அதிபர் தேர்தலுக்கு முந்தைய மாதமான 2024 அக்டோபரில் பணவீக்கம் 2.6 சதவீதம்தான். புள்ளிவிவரப்படி பிரச்சினை ஓய்ந்துவிட்டது. ஆனால் பணவீக்கம் குறைந்தது என்றால் விலை ஏறும் வேகம் குறைந்தது என்றுதான் பொருள், ஏறிய விலை இறங்கவில்லை. ஜோ பைடன் பதவிக்கு வந்தபோது இருந்ததைவிட விலைகள் மொத்தத்தில் ஏறத்தாழ 20 சதவீதம் கூடியிருந்தன. பொருளியலாளர் முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டார். கடைக்குப் போனவர் தன் நினைவிலிருந்த பழைய விலையோடு ஒப்பிட்டார்.

சம்பளமும்தான் ஏறியதே என்று கேட்கலாம். ஏறியதுதான். ஆனால் ஹார்வர்ட் பொருளியலாளர் ஸ்டெஃபனி ஸ்டான்சேவாவின் ஆய்வு சொல்வது சுவாரசியமானது: சம்பள உயர்வைத் தன் உழைப்புக்குக் கிடைத்த கூலி என்று எடுத்துக்கொள்பவர்கள், விலை உயர்வுக்கு அரசைக் குற்றம் சொல்கிறார்கள். ஆளுங்கட்சிக்கு இரண்டு பக்கமும் நஷ்டம். தவிர, வேலையின்மை சிலரைத்தான் நேரடியாகத் தாக்கும், விலையேற்றம் யாரையும் விடாது.

இதையெல்லாம் பார்க்கும் கண்ணாடியிலேயே கட்சி நிறம் பூசியிருக்கிறது என்பதும் உண்மை. மிச்சிகன் பல்கலைக்கழகம் மாதந்தோறும் நுகர்வோர் மனநிலையை அளக்கிறது. 2016, 2020, 2024 மூன்று முறையும் அதிபர் மாறப்போகிறார் என்று தெரிந்ததுமே, வென்ற கட்சியினர் பொருளாதாரத்தின் மேல் நம்பிக்கை கொண்டார்கள், தோற்ற கட்சியினர் சோர்ந்துபோனார்கள். அந்தச் சில வாரங்களில் யாருடைய சம்பளமும் பெரிதாக மாறியிருக்காது. அப்படியென்றால் பொருளாதாரக் கவலை உண்மையில் இடம்மாற்றுவது கட்சிப் பிடிப்பு தளர்ந்த சிறு கூட்டத்தைத்தான். 2024-இல் வென்ற டொனால்ட் டிரம்புக்கும் தோற்ற பைடன் கட்சி வேட்பாளர் கமலா ஹாரிஸுக்கும் இடையே நாடளவில் இருந்த வித்தியாசமே ஒன்றரை சதவீதம்தான்.