குடலுக்குள் ஒரு பங்காளிச் சண்டை

‘சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்களுக்கு இன்னொருவரின் மலத்தைச் செலுத்துகிறார்களாமே, இது மருத்துவமா மாந்திரீகமா?’ என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். மருத்துவம்தான், இன்னும் பரிசோதனைக் கட்டத்தில் இருக்கும் மருத்துவம்.

மாற்றிய உறுப்பை உடல் நிராகரிக்காமலிருக்க, நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகளைத் தொடர்ந்து சாப்பிட வேண்டும். அதனால் அடிக்கடி தொற்று, தொற்றுக்கு ஆன்டிபயாடிக், கடைசியில் எந்த ஆன்டிபயாடிக்குக்கும் எளிதில் மசியாத ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற பாக்டீரியாக்கள் குடலில் குடியேறிவிடுகின்றன. அங்கேயே இருந்தால் பெரிய தொந்தரவில்லை. சிறுநீர்ப் பாதைக்கோ ரத்தத்துக்கோ போய்விட்டால் உயிருக்கே ஆபத்து.

இவற்றை விரட்டத்தான் இன்னொருவரின் மலம். ஆரோக்கியமானவரின் மலத்தைச் சோதித்து, கரைத்து, குடலுக்குள் செலுத்தும் உத்தி புதிதல்ல. 1958இலேயே டென்வரில் பென் ஐஸ்மன் குழுவினர் நான்கு நோயாளிகளுக்கு எனிமாவாகக் கொடுத்தார்கள். 2013இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், சி.டிஃபிசீல் கிருமியால் திரும்பத் திரும்ப வயிற்றுப்போக்கு வந்த 16 பேரில் 13 பேர் முதல் தவணையிலேயே குணமானார்கள். மலத்தோடு புதிதாக வரும் பாக்டீரியா நார்ச்சத்தை நொதிக்கவைத்து பியூட்டிரேட் போன்ற அமிலங்களை உண்டாக்கும். குடற்சுவர்ச் செல்கள் அதை எரிக்கும்போது ஆக்சிஜனும் தீர்ந்துபோகும். ஆக்சிஜன் கசிந்தால் கொழிக்கும் ஈ.கோலை வகையறாவுக்கு அது பாதகம். இதெல்லாம் ஏற்கெனவே தெரிந்த கதை.

என்னைச் சொக்கவைத்தது 2023இல் அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகக் குழு வெளியிட்ட முடிவுதான். சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்களிடம் நடந்த மிகச் சிறிய ஆய்வு. எல்லோருக்கும் ஒரே கொடையாளர். சிகிச்சையை முடித்த 9 பேரில் 8 பேரின் மலத்தில் அந்தப் பிடிவாதக் கிருமிகள் வளரவில்லை. கொடையாளரின் பாக்டீரியா வந்து விரட்டிவிட்டது என்றுதான் யாரும் நினைப்போம். மரபணு வரிசையைப் படித்துப் பார்த்தால், சிலரிடம் ஈ.கோலை ஒழியவே இல்லை! மருந்துக்கு அடங்காத ஈ.கோலை இருந்த இடத்தில், மருந்துக்கு அடங்கும் வேறொரு ஈ.கோலை உட்கார்ந்திருந்தது. அது கொடையாளரிடமிருந்து வந்ததா? செலுத்திய மலக்கரைசலில் அதன் தடயமே இல்லை. ஒருவரிடம் மட்டும் அது எங்கிருந்தது என்று பிடிபட்டது: சிகிச்சைக்கு முன்பே அவர் குடலில்!

இரண்டும் ஒரே இனம். ஒரே சர்க்கரை, ஒரே இடம். ஆகவே பங்காளிச் சண்டைதான். ஆன்டிபயாடிக் இருக்கும்வரை, அதை உடைக்கும் நொதி வைத்திருப்பவன் ராஜா. மருந்து நின்றதும் அந்த நொதிக்கான மரபணு வெறும் சுமையாகிவிடலாம். பிரியும் ஒவ்வொரு முறையும் அதையும் நகலெடுத்தாக வேண்டுமே. வெளியிலிருந்து வந்த கூட்டம் களத்தை மாற்றியிருக்க வேண்டும். ஒதுங்கிக் கிடந்த சாது தலையெடுத்துவிட்டது.

இதைப் படித்துவிட்டு வீட்டில் முயலும் துணிச்சல்காரர்களுக்கு ஒரு தகவல். 2019இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, எதிர்ப்புச் சக்தி குன்றிய இருவருக்குக் கொடையாளரின் மலம் வழியே இதே பிடிவாத ஈ.கோலை தொற்றியதாகவும், ஒருவர் இறந்ததாகவும் எச்சரித்தது. ‘நச்சு நீக்கும்’ குடல் கழுவல் வியாபாரிகள் இந்த ஆய்வை மேற்கோள் காட்டினால் நம்பாதீர்கள்.

அதே அமைப்பு 2022, 2023இல் ஒப்புதல் தந்த இரண்டு மலநுண்ணுயிர் மருந்துகளும் சி.டிஃபிசீல் மீண்டும் வராமல் தடுக்க மட்டுமே. உறுப்பு மாற்றியவர்களுக்கான பெரிய ஆய்வுக்குப் பொதுப்பணம்தான் வேண்டும் என்பது என் கட்சி. யாரிடமும் கிடைக்கும் மலத்துக்குக் காப்புரிமை வாங்குவது கடினம் என்னும்போது, இதற்கு எத்தனை கம்பெனி பணத்தைக் கொட்டும்?